புல்லை முடிந்து சென்றவர்கள்



நடத்தல் ஓர் உடற்பயிற்சி என்றால் எவரும் ஒப்புக்கொள்வர். அது ஒரு தவம் என்றால், திருத்தலங்களுக்குக் கால்நடையாய்ச் சென்று வந்தவர்கள் ஆமென்று தலையசைப்பர். ஆனால் நடத்தல் ஒரு கலை என்றால் நம்மில் பலருக்கு நகைப்புத்தான் வரும். பாடுவது கலை, ஆடுவது கலை, கல்லைச் செதுக்குவதும் வண்ணம் தீட்டுவதும் கலை. காலை முன்னும் பின்னும் எடுத்து வைப்பதில் கலை எங்கிருந்து வந்தது?

இந்த வினாவை எழுப்பியே பெயர் பெற்ற கலைஞர் சிலர் மேலைநாடுகளில் இருக்கின்றனர். 1967-ஆம் ஆண்டு, இலண்டன் மாநகரின் புனித மார்ட்டின் கலைப்பள்ளியில் பயின்றுகொண்டிருந்த ரிச்சர்ட் லாங் என்னும் 22 வயது இளைஞர் இரயிலேறி நகரை விட்டு வெளியே சென்றார். நாட்டுப்புறத்தில் ஒரு புல்வெளியைக் கண்டு, அதிலே ஒரே நேர்கோட்டில் முன்னும் பின்னுமாகப் பலமுறை நடந்தார். மிதிபட்ட புல் சாய்ந்து, வெயிலில் ஒரு கோடாய்த் தெரிந்தது. அதை ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. அப்புகைப்படம் இன்று கலை வரலாற்று நூல்களில் இடம் பெற்றிருக்கிறது. அதே லாங் 1989-ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் புகழ்மிக்க டர்னர் பரிசையும் பெற்றார்.

அவரோடு ஒத்த காலத்தவரான ஹாமிஷ் புல்டன் என்பவர் 1973-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தின் வடகோடியிலிருந்து இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடிவரை 47 நாள் நடந்தார். கடந்த தொலைவு 1,022 மைல்; நம் கணக்கில் ஏறத்தாழ 1,645 கிலோமீட்டர். அதற்குப் பின்னர், தாம் நடந்த நடையிலிருந்து பிறவாத எந்தப் படைப்பையும் செய்வதில்லை என்று அவர் உறுதி பூண்டார். வழியில் கிடக்கும் கல்லையும் கொம்பையும் எடுத்துவந்து காட்சிக்கு வைப்பதையும் அவர் விரும்புவதில்லை. ஒரு புகைப்படம், அதன் கீழ்ச் சில சொற்கள், நடந்த நாளின் கணக்கு ஆகியவையே அவர் மக்களுக்குக் காட்டுவன.

இதைப் படிக்கும் மன்னவனூர் வாசகர் ஒருவர் என்ன சொல்வார் என்பதை ஊகிப்பது கடினமன்று. கோடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், பழனி மலைத்தொடரின் மேற்பரப்பில், ஏரியும் புல்மேடுகளுமாய் விரிந்து கிடக்கும் ஊர் அது. அங்கே 1965-ஆம் ஆண்டு முதல் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் நடைபெற்று வருகிறது. ஆடுகளும், ஆடுகளை ஓட்டிச் செல்பவரும் நாள்தோறும் அப்புல்லில் கோடு கிழித்துக்கொண்டுதான் இருக்கின்றனர். பூண்டு வயலுக்குச் செல்லும் பெண்களும் கிழிக்கின்றனர். "எங்கள் கோட்டை யாரும் படம் பிடிக்கவில்லையே, சாமி! எங்களுக்கு ஒரு பரிசும் வரவில்லையே!" என்று அவர் கேட்டால் என்ன விடை சொல்வது?

நேர்மையான கேள்வி இது. இதற்கு விடை தேட நாம் இலண்டனுக்குப் போகவேண்டியதில்லை. நம் பழந்தமிழிடமே போகலாம்.

தமிழில் நடை, அடி என்னும் இரு சொற்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். காலால் நடப்பதும் நடை. எழுத்தாளன் எழுதும் பாங்கும் நடை. பாதமும் அடி; பாட்டின் வரியும் அடி. நடப்பதற்கும் படைப்பதற்கும் ஒரே சொல்லை வைத்த மொழியினர், அவ்விரண்டிற்கும் உள்ள உறவை அறியாதவராய் இருந்திருக்க முடியுமா?

அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்று ஆற்றுப்படை நூல்கள். பத்துப்பாட்டு எனப்படும் தொகுதியில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகளே. ஆறு என்றால் வழி. படுத்தல் என்றால் செலுத்துதல். பாணரும் பொருநரும் கூத்தரும் விறலியரும் ஓரிடத்தில் நிலையாய் இருந்து கலை வளர்த்தவர் அல்லர். யாழையும் முழவையும் சுமந்துகொண்டு, மனைவி மக்களோடு, பசியோடு, ஊர் ஊராய் நடந்தவர்கள். அவர்களுள் ஒருவன் ஒரு வள்ளலைக் கண்டு பரிசு பெற்றுத் திரும்புகிறான். எதிரே வாடிய முகத்தோடு மற்றொரு கூட்டத்தார் வருகின்றனர். பெற்றவன், பெறாதவனை நிறுத்தி, "இன்ன வழியே செல், இன்னாரைக் காண்பாய்" என்று சொல்லி அனுப்புகிறான். இதுவே ஆற்றுப்படையின் அமைப்பு. உலக இலக்கியத்தில் வழிகாட்டுவதையே ஒரு பாட்டு வகையாக வகுத்து, அதற்குத் தொல்காப்பியத்தில் இலக்கணமும் கண்டவர் நம் முன்னோர்.

இவற்றுள் மலைவாழ் மக்கள் தமதென்று உரிமை கொண்டாடத் தக்கது மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் என்னும் புலவர் பாடிய 583 அடிகள் கொண்ட நூல். செங்கண்மா, அதாவது இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம், அதனை ஆண்ட நன்னனிடம் செல்லும் மலைவழியை ஒரு கூத்தன் மற்றொரு கூத்தனுக்கு உரைப்பதாக அமைந்தது. அதிலே கற்பனை மலை எதுவும் இல்லை. காலால் நடந்து, கல்லில் இடறி, கண்ணால் கண்டவன் சொல்லும் செய்திகளே நிறைந்திருக்கின்றன.

தினைப்புனத்தின் அருகே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும். ஆகையால் இருட்டில் போகாதே, விடிந்த பின் செல் என்கிறான். யானையை விரட்டப் பரண்மேலிருந்து கவண்கல் எறிவார்கள். மரத்தின் மறைவில் ஒதுங்கி நட என்கிறான். பாசி படர்ந்து வழுக்கும் இடத்தில் கொடியைப் பற்றிக்கொள் என்கிறான். இரவானால் மலைக்குகையில் உன் வீடுபோல் தங்கலாம் என்கிறான். மலையில் கேட்கும் ஓசைகளை ஒன்றன்பின் ஒன்றாய் அடுக்குகிறான். அருவியின் ஒலியும் விலங்கின் குரலும் குறவர் பாட்டும் உலக்கை இடிக்கும் ஓசையும் அவன் செவிக்குத் தப்பவில்லை. நூலின் பெயரே அவ்வோசையால் வந்தது. மலையில் பிறக்கும் பலவகை ஓசையை யானையின் மதநீர்ப் பெருக்குக்கு உவமித்த பெயர் அது.

கல்லில் உரசித் தேய்ந்த விறலியரின் பாதங்களைக் களைத்த நாயின் நாக்குக்கு ஒப்பிடுகிறார் புலவர். இந்த உவமை அரண்மனைத் திண்ணையில் அமர்ந்து யோசித்தவருக்குத் தோன்றியிராது. நடந்தவருக்கே தோன்றும்.

இவை எல்லாவற்றிலும் என் உள்ளத்தைத் தொட்டது ஒரு சிறு அறிவுரை. வழி பல கிளையாய்ப் பிரியும் இடத்திற்கு வரும்போது, நீங்கள் செல்லும் வழியைத் துலக்கி, அங்குள்ள புல்லை முடிந்து வைத்துவிட்டுச் செல்லுங்கள் என்கிறான் கூத்தன். எதற்காக? பின்னால் வருகிறவர்கள் வழி தப்பாமல் இருப்பதற்காக. பின்னால் வருபவர் யாரென்று முன்னால் செல்பவருக்குத் தெரியாது. ஒருவேளை சந்திக்கவே மாட்டார். ஆயினும் ஒரு கணம் நின்று, குனிந்து, புல்லை முடிந்துவிட்டுச் செல்கிறார்.

ரிச்சர்ட் லாங்கின் புல்லையும் நம் கூத்தனின் புல்லையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இருவரும் மண்ணுக்குத் தீங்கு செய்யவில்லை. இருவர் இட்ட குறியும் சில நாளில் மறைந்துவிடும். சாய்ந்த புல் நிமிரும், முடிந்த புல் அவிழும். இருவரும் மலையைத் தமக்குச் சொந்தமாக்கிக்கொள்ளவில்லை. இவ்வளவும் ஒற்றுமை. வேற்றுமை யாதெனில், லாங்கின் கோடு எங்கும் போகவில்லை. "இங்கே ஒரு மனிதன் நடந்தான்" என்று மட்டும் அது சொல்கிறது. கூத்தனின் முடிச்சு, "இங்கே நீயும் நடக்கலாம்" என்று சொல்கிறது. முன்னதைக் குறைத்து மதிப்பிட நான் விரும்பவில்லை. விரைவே பெரிதென்று ஓடிய ஒரு நூற்றாண்டில், காலடியும் ஒரு தூரிகையே என்று காட்டியது சிறிய செயலன்று. ஆயினும் எனக்குப் பிடித்தது கூத்தனின் முடிச்சே.

நடையிலிருந்து பாட்டு பிறந்த கதையும் நம்மிடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் காவடி எடுத்துக் கழுகுமலைக்கு நடந்து செல்கையில் பாடுவதற்கென்று சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடியதே காவடிச்சிந்து. இளம் வயதிலேயே மறைந்த அக்கவிஞரின் சந்தங்களில் காலடியின் தாளம் கேட்கும். ஒரு கூட்டம் தோளில் சுமையோடு நடக்கும்போது, காலடி சீராக விழ வேண்டும். மூச்சு வாங்குவதற்கு இடம் வேண்டும். களைப்பை மறக்கச் சொல் துள்ள வேண்டும். இம்மூன்றையும் அறிந்தவன்தான் சிந்து பாட முடியும். பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் நடந்து செல்லும் எளிய மக்கள் வழிநெடுகப் பாடும் பாட்டுகளையும் உற்றுக் கேளுங்கள். ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்லும் அந்த அமைப்பு, முன்னவருக்கு மூச்சு விட அவகாசம் தருகிறது.

நாட்டு விடுதலை வரலாற்றிலும் இது நிகழ்ந்தது. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் இராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்தை நோக்கி உப்பெடுக்க நடந்தார்கள். 28-ஆம் நாள் அங்குச் சேர்ந்தார்கள். ஏறத்தாழ 240 கிலோமீட்டர். அந்த நடைக்கென்று நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை எழுதிக்கொடுத்த பாட்டை இன்றும் பள்ளிப் பிள்ளைகள் அறிவர். மேடைக்காக எழுதிய பாட்டாயிருந்தால் அது அவ்வாறு நடந்திருக்காது.

திருச்சபை இசையை அறிந்தோர் பாக் என்னும் செருமானிய இசைமேதையின் பெயரைக் கேட்டிருப்பர். 1705-ஆம் ஆண்டில் அவர் 20 வயது இளைஞர்; ஆர்ன்ஸ்டாட் என்னும் ஊரின் ஆலயத்தில் ஆர்கன் வாசித்து வந்தார். லூபெக் நகரில் புக்ஸ்டஹூடே என்னும் முதுபெரும் இசைஞர் வாசிப்பதைக் கேட்பதற்காக ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்தே போனார். நான்கு வாரம் விடுப்புக் கேட்டவர் ஏறத்தாழ நான்கு மாதம் கழித்துத் திரும்பினார்! ஆலயக் குழுவினர் அவரை அழைத்து விசாரித்த செய்தி ஆவணமாகவே இருக்கிறது. விடுப்பு முடிந்து திரும்பாத பாடகர்களைக் கண்டிக்கும் கடமை எனக்கும் உண்டு. ஆயினும் அந்த ஒருவரை மட்டும் மன்னித்துவிடலாம் என்றே தோன்றுகிறது.

இனி, மன்னவனூர் வாசகரின் கேள்விக்கு வருவோம். விறகு சுமந்து நடக்கும் மூதாட்டி கலைஞரா?

இங்கே நாம் மிகவும் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும். பழனி மலையில் கட்டாயத்தால் நடந்தவர்களின் வரலாறு நீண்டது. மலைச்சாலை வருமுன்னர் கோடைக்கானலுக்கு வந்த துரைமாரும் அவர்தம் குடும்பத்தாரும் நாற்காலியிலும் டோலியிலும் அமர்ந்து வந்தனர். அவர்களைச் சுமந்து செங்குத்தான மலையேறியவர் நம் மக்கள். நடந்தவர் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. வெள்ளகவி போன்ற சிற்றூர்கள் நெடுங்காலம் மோட்டார் சாலையின்றி இருந்தன. பிரசவ வேதனையில் துடிக்கும் தாயைக் கட்டிலில் கட்டிச் சுமந்து இறங்குவதை எவரேனும் கலை என்று புகழ்ந்தால், அது பாவம். அங்கே தேவைப்படுவது சாலை, மருத்துவ ஊர்தி. ஏழையின் கால்வலியை அழகென்று பாராட்டும் உரிமை வாகனத்தில் செல்லும் எவருக்கும் இல்லை.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லலாம். கட்டாயத்தால் நடக்கும் நடை ஒழிய வேண்டும். விரும்பி நடக்கும் நடை ஒழியக் கூடாது. நம் காலத்தின் துயரம் யாதெனில், முதலாவது முற்றும் ஒழியுமுன்பே இரண்டாவது ஒழிந்து வருகிறது.

விரும்பி நடப்பது மட்டுமே கலையாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. நடக்கும்போது கவனம் வேண்டும். நடந்த பின் அதைப் பிறருக்குக் கொடுக்கும் மனம் வேண்டும். பசித்து நடந்த கூத்தனிடம் இவ்விரண்டும் இருந்தன. வறுமை அவன் கண்ணை மறைக்கவில்லை. பரிசு அவன் வாயை அடைக்கவில்லை. விறகு சுமக்கும் மூதாட்டி, பாறைக்கொரு பெயரும் ஓடைக்கொரு கதையும் தன் பேரனுக்குச் சொல்லிக்கொண்டே நடப்பாராயின், அவரும் ஆற்றுப்படை பாடுபவரே. ஆனால் அவர் தலைச்சுமையை இறக்கி வைக்க நாம் முதலில் கை கொடுக்க வேண்டும்.

நம் மலையிலேயே இவ்வாறு நடந்த ஒருவரைச் சொல்லி முடிக்கிறேன். செண்பகனூரில் சேசு சபையார் 1895-ஆம் ஆண்டில் நிறுவிய திரு இருதயக் கல்லூரியையும் அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தையும் பலர் பார்த்திருப்பீர்கள். அச்சபையைச் சேர்ந்த ஆங்கிலாட் அடிகளார், பிரெஞ்சு நாட்டினர், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இம்மலையில் வாழ்ந்தவர். பெரும்பாலான இடங்களுக்குக் கால்நடையாகவன்றிச் செல்ல வழியில்லாத காலம் அது. காட்டுச் செடிகொடிகளைக் கண்ணூன்றிப் பார்த்து நீர்வண்ணத்தில் வரைந்தார். மக்கள் குள்ளர் வீடு என்றும் பாண்டவர் வீடு என்றும் அழைக்கும் கற்திட்டைகளைத் தேடிச் சென்று அளந்தார். நியூட்டன் அடிகளாரோடு சேர்ந்து பழனி மலைக் கற்திட்டைகளைப் பற்றி அவர் எழுதிய நூலை இந்தியத் தொல்பொருள் ஆய்வுத்துறை 1928-ஆம் ஆண்டில் வெளியிட்டது. பின்னாளில் பழனி மலைத் தாவரங்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய மத்தேயு அடிகளார் போன்றோர் அவர் சென்ற தடத்திலேயே சென்றனர். ஆங்கிலாட் அடிகளாருக்குப் பின்னால் வருபவர் யாரென்று தெரியாது. எனினும் தம் பங்குக்குப் புல்லை முடிந்துவிட்டுப் போனார்.

இன்று மன்னவனூரில் நாம் விட்டுச் செல்லும் குறி என்ன? கோடைக்கானலுக்கு வரும் வாகனங்கள் பெருகியதன் காரணமாக, 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் உயர் நீதிமன்ற ஆணைப்படி முன்பதிவுச் சீட்டு முறையே கொண்டுவர நேர்ந்தது. வருபவர் வண்டியை நிறுத்துகின்றனர். புல்வெளியை முதுகுப்புறம் வைத்துத் தம் முகத்தைப் படம் பிடிக்கின்றனர். வெறும் பிளாஸ்டிக் பையை வீசிவிட்டு அடுத்த இடத்திற்கு விரைகின்றனர். அவிழ்ந்து போகும் புல்முடிச்சு எங்கே, மக்காத இந்தக் குறி எங்கே! சென்ற நூற்றாண்டில் நட்ட சீகை மரமும் பைன் மரமும் புல்வெளிகளை விழுங்கிப் பழைய ஒற்றையடிப் பாதைகளையும் மூடிவிட்டன. பாதை மறைந்தால் அதன் பெயர் மறைகிறது. பெயர் மறைந்தால் அதன் கதை மறைகிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சி 2018-ல் பூத்தது. 2030-ல் மீண்டும் பூக்கலாம். அப்போது அது பூத்திருக்கும் சரிவுக்கு வழி சொல்ல எத்தனை பேர் இருப்பார்கள்?

குடும்பத்தினருக்குச் சில யோசனைகள் சொல்லி நிறுத்துகிறேன். வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், பிள்ளைகளோடு ஒரே பாதையில் நடந்து பாருங்கள். கைப்பேசி வீட்டிலேயே இருக்கட்டும். கேட்ட ஓசைகளை வீடு திரும்பியதும் பிள்ளைகள் ஒரு குறிப்பேட்டில் வரிசையாய் எழுதட்டும். மலைபடுகடாம் அப்படித்தான் எழுந்தது. ஒரே பாதையில் பத்து வாரம் நடந்தால், பதினோராம் வாரம் அது புதிய பாதையாய்த் தெரியும். இரண்டாவதாக, தாத்தா பாட்டியரிடம் பாறை, ஓடை, மேடு, பள்ளம் ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். நடக்க இயலாத முதியோர்க்கும் இதில் பங்குண்டு. அவர்கள் வாயால் வழி நடத்துவர். மூன்றாவதாக, ஒவ்வொரு நடைக்குப் பின்னும் ஏதேனும் ஒன்றைச் செய்யுங்கள்: ஒரு படம், நான்கு வரிப் பாட்டு, வெளியூர் உறவினருக்கு ஒரு கடிதம். நன்றாய் அமைய வேண்டும் என்பதில்லை. பார்த்தது மெய்யாய் இருந்தால் போதும்.

மலையில் நடப்போர்க்கு ஒரு சொல். சோலைக்காட்டிற்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழையாதீர்கள். காட்டுமாடும் மூடுபனியும் விளையாட்டுக்குரியன அல்ல. மாலை மயங்குமுன் திரும்பிவிடுங்கள். கூத்தனும் இரவுப் பயணத்தை ஒப்பவில்லை என்பதை மறவாதீர்கள்.

பாதையில் முள் கிடந்தால் ஓரமாய் எடுத்துப் போடுங்கள். யாரோ வீசிய குப்பை கிடந்தால் பையில் எடுத்து வாருங்கள். உங்களுக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள்.